ஒட்டவைத்தது போல் இருக்கிறதா? எங்கே என்று சொல்லுங்கள்

மகளின் கல்யாணக் குடும்பப் படத்தில் காலமான அப்பாவையும் நிற்க வைத்துத் தரும்படி ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பலர். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான். வேலை முடிந்து படம் வாட்ஸ்அப்பில் போனதும், “ஒட்டவச்ச மாதிரி இருக்கு” என்று பதில் வரும். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து எடிட்டரால் எதையும் திருத்த முடியாது.

படங்களை ஒன்றாகச் சேர்ப்பது புதிதல்ல. 1858-இலேயே இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அந்த ஐந்தையும் எடுத்தவர் அவரே. நம் எடிட்டர் சேர்ப்பதோ, யாரோ எப்போதோ எடுத்த இரண்டு படங்களை. பாஸ்போர்ட் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்திருக்கும். ஏறக்குறைய 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு), அதாவது வெள்ளை ஒளி. மண்டபத்து மஞ்சள் விளக்கு 3000 கெல்வினை ஒட்டியிருக்கும், அதுவும் மேலிருந்து விழும். மணமேடைக்குக் கீழே நின்று எடுத்த படமானால் எல்லோருக்கும் தாடையின் அடிப்பகுதி தெரியும்; அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

குறை சொல்பவர்களுக்கு: முதலில் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிப் பெரிய திரையில் பாருங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கேட்ச்லைட் (கருவிழியில் தெரியும் விளக்கின் வெள்ளைப் புள்ளி) மற்றவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே அப்பாவுக்கும் இருக்கிறதா, கழுத்தும் முகமும் ஒரே நிறமா என்று பாருங்கள். நீலப் பின்னணியில் எடுத்த பழைய படமென்றால் காதோர நரைமுடியில் மெல்லிய நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். “இடது காதுக்கு மேல் நீலமாகத் தெரிகிறது” என்று சொன்னால் போதும், ஐந்து நிமிட வேலை. “கான்ட்ராஸ்ட் ஏத்துங்க” என்று வைத்தியம் சொல்ல வேண்டாம்.

சாயல் வேறு விஷயம். அப்பா அம்மாவைவிடக் கொஞ்சம்தான் உயரம், வலது புருவத்தின் மேல் மச்சம் உண்டு என்பதெல்லாம் எடிட்டருக்குத் தெரியாது. இதில் வீட்டார் சொல்வதே முடிவு. அதையும் ஒருவரே தொகுத்துச் சொல்லுங்கள். அண்ணன் ஒன்று, அத்தை ஒன்று என்று தனித்தனியே அனுப்பினால் படம் கெடும்.

எடிட்டர்களுக்கு: எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று விளக்காதீர்கள். “உங்கள் கண் முதலில் எங்கே போய் நிற்கிறது?” என்று கேளுங்கள். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்பா தனியாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளிச்சத்திலோ விளிம்பிலோ இருக்கும், பொருந்திவிட்டால் நிறத்தில். வெட்டிய பகுதியை அழிக்காமல் மாஸ்க் (மறைத்தும் மீட்டும் பார்க்க உதவும் திரை) போட்டு வைத்திருந்தால் எந்தத் திருத்தத்துக்கும் பதற வேண்டியதில்லை.

குறுக்கு வழிகள் சில புழக்கத்தில் உள்ளன. முழுப் படத்துக்கும் ஒரே ஃபில்டர் போட்டால் அம்மாவின் பட்டுப்புடவை நிறமும் மாறும், நிழல் நேராகாது. முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். மங்கிய முகத்தில் இல்லாத விவரங்களை அவை ஊகித்து வரைகின்றன. மச்சம் மறையும், கண்ணின் வடிவம் மாறும். அப்பாவைப் போன்ற வேறொருவர் அங்கே நிற்பார். இந்தச் செயலிகளை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சில படங்கள் எப்படியும் பொருந்தாது. கோணமே வேறென்றால் இரண்டு மூன்று திருத்தங்களுக்குப் பிறகும் இழுத்துக்கொண்டிருக்காமல், உறவினர் வீட்டு ஆல்பங்களில் வேறு படம் தேடச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், அப்பாவின் சட்டமிட்ட படம் பின்சுவரில் மாட்டியிருப்பதுபோல் அமைத்துத் தரலாம். அங்கே வெளிச்சமும் கோணமும் மாறியிருந்தாலும் உறுத்தாது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.