இலை ஊதும் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

ஐப்பசி பிறந்தால் பீலெஃபெல்டில் எங்கள் வளவுகளிலும் நடைபாதைகளிலும் இலை கொட்டிக் குவியும். "டொக்டர், லவுப்பிளேசர் எது நல்லது?" என்று கேட்பவர்களும் உண்டு. விலையைக் கடைக்காரர் சொல்வார். உடம்போடு சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன்.

முதலில் காது. உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்பதே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்: 88 இல் 4, 91 இல் 2, 94 இல் 1 மணித்தியாலம். பெற்றோல் இயந்திரங்கள் பல இயக்குபவரின் காதடியில் 90 ஐத் தாண்டுபவை. பாதிப்பு வலியின்றியே வரும். கூட்டத்தில் மற்றவர் கதைப்பது விளங்காது, இரவில் காதுக்குள் இரைச்சல் கேட்கும்.

வீட்டில் அரை மணி நேரம் ஊதுபவரை விட, கட்டடப் பராமரிப்பு வேலையில் நாள் முழுதும் ஊதும் எம்மவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். வேலையிடத்துச் சத்தம் 80 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காதுக் காப்பு தரவேண்டும். 85 இலிருந்து அணிவது கட்டாயம். இது ஜேர்மனியச் சட்டம். கேட்டால் வேலை போய்விடும் என்று பேசாமல் இருக்காதீர்கள், அது சலுகையல்ல.

அடுத்தது மூச்சு. பெற்றோல் புகையில் காபனோரொட்சைட்டும் பென்சீனும் உண்டு. கராஜுக்குள் ஒருபோதும் இயக்கவேண்டாம். காய்ந்த இலையோடு பூஞ்சண வித்துக்களும் கிளம்பும். தொய்வு உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே நல்லது. மற்றவர்கள் கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பற்றரியில் இயங்குவதை வாங்குங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் டெசிபல் எண் காதடிச் சத்தமல்ல. ஆனால் இரண்டை ஒப்பிட உதவும், குறைந்ததை எடுங்கள். பற்றரியைப் பூட்டிக் கையில் தூக்கிப் பாருங்கள். தோள்மூட்டு வலிக்காரருக்கு எடை முக்கியம்.

2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருப்புப் பகுதிகளில் வேலை நாட்களில் 9 முதல் 13 மணி வரையும் 15 முதல் 17 மணி வரையுமே பொதுவாக ஊதலாம். ஞாயிறும் விடுமுறை நாட்களும் தடை. பற்றரி இயந்திரத்துக்கும் இதுவே.

சிறிய வளவுக்கு இலைவாரியே போதும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அது நல்ல தேகப்பயிற்சியும் கூட. மூலையில் ஒரு குவியலை விட்டுவையுங்கள், முள்ளெலிகள் குளிர்காலம் முழுதும் அதற்குள் உறங்கும்.