சென்னையில் எந்தக் கோச்சி? கல்முனைப் பயணிக்கு ஒரு வழிகாட்டி

கல்முனைக்குக் கோச்சி கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அங்கே போய்க் கொழும்புக் கோச்சி எடுப்பவர்களும் ஆறுதலாக ஏறி, சாமானை மேலே வைத்து, மணிக்கணக்காக உட்கார்ந்து போகிறவர்கள்தான். வைத்தியத்துக்கோ கலியாணப் புடவை எடுக்கவோ சென்னைக்குப் போனால் கதை வேறு. கொஞ்ச நேரமே நிற்கும் ரயிலில் ஒரு கூட்டம் இறங்க, இன்னொரு கூட்டம் ஏற, நடுவில் உம்மாவையும் பிள்ளையையும் பத்திரமாக ஏற்ற வேண்டும்.

நகருக்குள் மெட்ரோ, மின்சார ரயில், பறக்கும் ரயில் என்று மூன்று வகை ஓடுகின்றன. எது மலிவு என்று பார்ப்பதைவிட, கூட யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று பார்த்துத் தெரிவு செய்வதே நல்லது.

மெட்ரோ

நோயாளியோடு போகிறவர்கள் யோசிக்காமல் இதில் ஏறலாம். 2015இல் ஓடத் தொடங்கியது. கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. குளிரூட்டிய பெட்டி, நிலையங்களில் லிஃப்ட், பெண்களுக்குத் தனி இடம் எல்லாம் உண்டு. நீல வழித்தடம் விமான நிலையத்தில் ஆரம்பித்து, கிரீம்ஸ் சாலை வைத்தியசாலைகளுக்குக் கிட்டவுள்ள ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் வழியாக முஸ்லிம்கள் நிறைந்து வாழும் மண்ணடிக்குப் போகிறது. வடபழனிக்கு ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். மாலையில் இங்கும் நெரிசல்தான். ஆனால் கதவு மூடிய பிறகே ரயில் நகரும்.

மின்சார ரயில்

கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் ஓடுகிறது. குறைந்த கட்டணம் 5 ரூபாய். தியாகராய நகர்க் கடைகளுக்கு மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசலிலேயே இருக்கிறது. 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறினால் தெரு நெரிசலில் சிக்காமல் பஸ் நிலையத்துக்கே போய்விடலாம்.

காலை எட்டு முதல் பத்து வரை கடற்கரைப் பக்கமும், மாலை ஐந்துக்குப் பிறகு தாம்பரப் பக்கமும் கூட்டம் அள்ளும். அதனால் மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ தங்கி, காலை பதினொன்றுக்குக் கடைக்குப் போய், மாலையில் நகருக்குள் திரும்புகிறவருக்குப் பாடு குறைவு. வாடகை மலிவென்று தாம்பரத்தில் அறை எடுத்தவர் இரண்டு வேளையும் கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டிவரும்.

ஏறும்போது கதவுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி, இறங்குகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வது நல்லது. இறங்க வேண்டிய நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னதாகவே, முன்னால் நிற்பவரிடம் "இறங்குறீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் இடம் மாறிக்கொள்வார். இப்படியே கதவுவரை வந்துவிடலாம். ரயில் நின்ற பிறகு எழும்பினால் அடுத்த நிலையம்தான்.

பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுவது சட்டப்படி குற்றம். ஆகவே குடும்பமாகப் போனால் எந்த நிலையத்தில், எந்தப் படிக்கட்டடியில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். முதல் வகுப்புப் பெட்டிக்கு டிக்கட் வேறு. டிக்கட் இல்லாமல் பிடிபட்டால் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்பவர்களுக்கு, 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் தொடங்கிய குளிரூட்டிய ரயில் இருக்கிறது; அதன் கட்டணம் 35 ரூபாயில் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு அவசரமானாலும் படியில் தொங்கக் கூடாது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கிப் போனவர்கள் பக்கச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அடுத்த ரயில் சில நிமிடங்களில் வந்துவிடும்.

பறக்கும் ரயில்

கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு, பெரும்பாலும் தூண்கள்மேல் ஓடுவது. கட்டணம் மின்சார ரயிலைப் போன்றதே. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ தங்குகிறவர்களுக்கு வசதி. பகலில் உட்கார இடமும் கிடைக்கும். ஆனால் நிலையங்களில் படி அதிகம், இரவில் ஆள் நடமாட்டம் குறைவு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கும், பிந்திய இரவில் தனியாக வரும் பெண்களுக்கும் இது தோதில்லை.

திரும்பும் நாளில் மண்ணடியில் தங்கியவர் நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமலே விமான நிலையத்தில் இறங்கலாம். மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடும். நள்ளிரவு விமானமென்றாலும், புடவைப் பெட்டிகள் கைக்கு அடங்காவிட்டாலும், முன்கூட்டியே டாக்ஸிக்குச் சொல்லிவைத்துவிட வேண்டும்.