கடன் அட்டையும் நாணயமும்

முன்னுரை

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. எங்கள் ஊர் மளிகைக் கடையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். மாதம் பிறந்ததும் பாக்கியை அடைப்பவருக்கு அடுத்த மாதமும் அரிசி கிடைக்கும். இழுத்தடிப்பவருக்குக் கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். அதைப் போன்ற பெரிய நோட்டு ஒன்று இன்று நாடு முழுவதற்கும் எழுதப்படுகிறது. அதைப் படிக்கத் தெரியாமல் எங்கள் குடும்பம் பட்ட பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எங்கள் வட்டாரம்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலை வரும், போகும். ஆனால் வாங்கிய கடனின் தவணைத் தேதி நிற்பதில்லை என்பதே அதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

இங்கு வேலை செய்வோரில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். ஊதியம் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியதுமே கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை தருவதாக அழைப்பு வந்தது. வாங்கினார். கைபேசி, அப்பாவின் மருத்துவச் செலவு, வீட்டு வாடகை முன்பணம் என்று பாக்கி 40,000 ரூபாய் ஆயிற்று. அட்டைக் கணக்கில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சிட்டிருந்தது. அதைக் கட்டினால் போதும் என்று நினைத்து ஓராண்டு தவறாமல் கட்டி வந்தார்.

கணக்கு சொல்லும் உண்மை

கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மாத வட்டி 3.5 சதவீதம். வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். இரண்டும் சேர்ந்து மாதம் 4.13 சதவீதம். 40,000 ரூபாய்க்கு முதல் மாதம் வட்டியும் வரியும் 1,652 ரூபாய். மொத்தம் 41,652. குறைந்தபட்சத் தொகை இதில் 5 சதவீதம், அதாவது 2,083 ரூபாய். கட்டிய பின் பாக்கி 39,569. கைவிட்டுப் போனது 2,083. கடன் குறைந்ததோ 431!

இப்படியே ஓராண்டில் கட்டிய மொத்தம் ஏறத்தாழ 23,560 ரூபாய். கடன் குறைந்தது 4,870 ரூபாய் மட்டுமே. அட்டையில் புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும், இக்கடன் பாதியாவதற்கே 64 மாதங்கள் ஆகும்.

இதற்கு மாறாக மாதம் 4,000 ரூபாய் என்று உறுதி செய்துகொண்டு கட்டியிருந்தால், பதினான்காம் மாதம் 700 ரூபாய்க்கும் குறைவான கடைசித் தொகையோடு கடன் முழுதும் தீர்ந்திருக்கும். குறைந்தபட்சத் தொகை நம் பெயரைக் காப்பாற்றும், ஊதியத்தைக் காப்பாற்றாது.

பெரிய நோட்டு

ஓராண்டு முடிவில் அண்ணனின் ஒப்பந்தம் முடிந்தது. தவணை நின்றது. வசூலுக்கு வந்தவர், "பாதியைக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம்" என்றார். கடன் வாங்கிக் கட்டினார். முடிந்தது என்றே நாங்கள் எண்ணினோம்.

பிறகு தங்கையின் செவிலியர் படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டு, அண்ணன் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டார். வங்கி அலுவலர் ஓர் அறிக்கையைக் காட்டினார். அதில் அண்ணனின் அட்டைக் கணக்கு 'செட்டில்டு' என்றிருந்தது. முழுதும் அடைத்த கணக்குக்கு 'குளோஸ்டு' என்று எழுதுவார்கள். முன்னது, தர வேண்டியதைத் தராமல் பேசி முடித்த கணக்கு. கடன் கிடைக்கவில்லை. அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

இந்த அறிக்கையைத் தருபவை கடன் தகவல் நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இவை நம் நாட்டில் நான்கு: சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். நம் கடன் பழக்கத்துக்கு இவை 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. தவணை தவறுதல், அட்டையின் வரம்பு முழுவதையும் பயன்படுத்துதல், குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டல் ஆகியன மதிப்பெண்ணைக் குறைக்கும்.

செய்ய வேண்டியவை

கடனில் சிக்கியவர் முதலில் அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். அட்டையில் ரொக்கம் எடுப்பதும் அப்படியே. பல கடன்கள் இருந்தால் வட்டி மிகுந்ததை முதலில் தீர்க்க வேண்டும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன் பெற்று அட்டைக் கடனை அடைப்பதும் ஒரு வழி; அதன் வட்டி மிகக் குறைவு. கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றை எழுத்தில் பெற வேண்டும்.

நமக்குள்ள உரிமைகளையும் அறிய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக நம்மை அழைக்கக் கூடாது. பாக்கியில்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். நான்கு தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் பிழை கண்டு புகார் செய்து 30 நாட்களில் தீராவிட்டால், அதன் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி நம் புகாருக்கு 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

முடிவுரை

கடன் அட்டையே கூடாது என்று நான் கூறவில்லை. தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது வட்டியில்லாத கைமாற்று; நற்பெயரையும் வளர்க்கும். அண்ணன் இப்போது வேறு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். விட்டுப்போன மீதியையும் வங்கியிடம் கேட்டுக் கட்டி வருகிறார். முழுதும் கட்டிய பின் 'செட்டில்டு' என்ற குறிப்பை மாற்றுமாறு கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை நான்தான் எழுதித் தரப்போகிறேன்.

மாணவ நண்பர்களே! படித்து முடித்து இந்தத் தொழிற்சாலைகளுக்குத்தான் நம்மில் பலர் வேலைக்குப் போகப் போகிறோம். முதல் மாத ஊதியத்தோடு அந்த அழைப்பும் வரும். கையெழுத்திடுமுன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நாம். நம் வீட்டாருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் நம் படிப்பில் ஒரு பகுதியே.