பீக்கைப் பார்க்குமுன் பிளேட்டைப் பாருங்கள்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, பாக்டீரியாவின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறியும் ஆய்வகத்தில் சேரப்போகிறீர்களா? சீக்கிரமே இது நடக்கும்: தோலிலிருந்து எடுத்த அதே ஸ்ட்ரெயின், போன மாதம் ஒரு முடிவு, இந்த மாதம் இன்னொன்று. எல்லோரும் ஜி.சி. (கேஸ் குரோமடோகிராஃபி) கருவியை முறைப்பார்கள். நீங்கள் இந்த நான்கையும் விசாரியுங்கள்.

1. மீடியா: ஸ்டாஃபிலோகாக்கஸின் சவ்வில் கிளைச்சங்கிலி அமிலங்களே அதிகம். ஐசோலியூசினிலிருந்து ஆன்டிஐசோ வகையும், லியூசின், வேலினிலிருந்து ஐசோ வகையும் உருவாகின்றன. அதனால் மீடியா மாறினால் விகிதமும் மாறும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு ஓலியிக் அமிலம் தயாரிக்கத் தெரியாது. சீரம் கலந்து வளர்த்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொழுப்பு விரும்பும் கோரினிபாக்டீரியங்களுக்கு ட்வீன் 80 சேர்ப்பது வழக்கம். அதுவே ஓலியிக் அமிலத்தின் எஸ்டர்தான். ஓலியிக் பீக் உயர்ந்திருந்தால், அது பாக்டீரியாவின் சொத்தா, பாட்டிலிலிருந்து வந்த கடனா என்று கேளுங்கள்.

2. வெப்பம்: தோலின் மேற்பரப்பு பெரும்பாலும் 32–34 டிகிரி செல்சியஸ், இன்குபேட்டரோ பல இடங்களில் 37. குளிர்ந்தால் சவ்வு இறுகும். அதை இளக்கி வைக்க ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆன்டிஐசோ அமிலங்களைக் கூட்டிக்கொள்ளும். கொழுப்பு அமிலங்களை வைத்து பாக்டீரியாவின் பெயரைச் சொல்லும் ஷெர்லாக் முறையின் டி.எஸ்.பி.ஏ. நூலகத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 28 டிகிரி, 24 மணி நேரம். 37-இல் வளர்த்துவிட்டு அதனுடன் ஒப்பிட்டால் பெயர் தவறிப்போகலாம்.

3. வயது: நேற்று வளர்ந்த காலனியும் மூன்று நாள் காலனியும் ஒன்றல்ல. நான்கு பகுதிகளாகக் கோடிட்ட பிளேட்டில் மூன்றாம் பகுதியிலிருந்து எடுக்கச் சொல்வது, செல்கள் ஏறத்தாழ ஒரே வளர்ச்சி நிலையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

4. காற்று: முகப்பருவோடு தொடர்புள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸை ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் வளர்ப்பார்கள். ஜாடி சரியாக மூடாவிட்டால் வளர்ச்சி தடுமாறும். அப்படி வந்த காலனியை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

நேர்முகத் தேர்வில் “முடிவு மாறினால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “பழைய பிளேட்டும் புதிய பிளேட்டும் ஒரே நிலையில் வளர்ந்தனவா என்று ரெக்கார்டு நோட்டில் பார்ப்பேன், பிறகு இரண்டையும் ஒரே பேட்ச் மீடியாவில் வளர்த்து மறுபடி ஓட்டுவேன்” என்று சொல்லுங்கள்.

அந்தப் பதில் உண்மையாக வேண்டுமானால் நோட்டில் விவரம் இருக்கவேண்டும். பீக் படிக்கப் போகப்போகப் பழகிவிடும். மீடியா பேட்ச் எண், டிகிரி, மணிக்கணக்கு மூன்றையும் எழுதுவதை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.