கார்டு மட்டும் பறக்காது

நம்பிக்கை 1: "நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுட்டா போதும்ணா, ஃபிளைட் சிமுலேட்டர் பிச்சுக்கிட்டு ஓடும்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நாயுடுபேட்டை டீக்கடையிலும் இதே பேச்சு, சென்னை போகிற ரயிலிலும் இதே பேச்சு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடிக்கு ஓடுகிற ஊர் இது. இங்கே பிள்ளைகளுக்குப் பறக்கிற ஆசை வருவதில் வியப்பில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டட்டும், நல்லதுதான். ஆனால் எதில் பணம் போடுவது என்று அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிப் பழகியவர்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒட்டாது.

உண்மை: கார்டின் வேலை படம் வரைவது. விமானத்தை ஓட்டுவது பிராசசர். காற்று இறக்கையை எப்படித் தள்ளுகிறது, ஆட்டோபைலட் அடுத்து என்ன செய்ய வேண்டும், பக்கத்து ஓடுபாதையில் எத்தனை விமானங்கள் நகர்கின்றன என்ற கணக்கெல்லாம் அதன் தலையில்தான். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் இறக்கையையும் புரொப்பல்லரையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் விழும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரிலும் கணக்குக்குக் குறைவில்லை. இவற்றில் பெரும்பகுதி ஒரே வரிசையில், ஒன்று முடிந்தபின் ஒன்றாக நடக்கிறது. அந்த வரிசைக்கு மெயின் த்ரெட் என்று பெயர். அது முடித்துக் கொடுத்தால்தான் கார்டுக்கு அடுத்த படம் வரைய வேலை வரும். பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும் அடுப்படியில் ஒரே ஆள் என்றால் இலை காலியாகத்தான் கிடக்கும்.

அண்மையில் என் சர்வீஸ் மேஜைக்கு வந்த ஒரு கேபினட்டைச் சொல்கிறேன். உள்ளே எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், அதோடு பளபளவென்று ஒரு ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு. சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. "புதுக் கார்டு போட்டும் ஜெர்க் அடிக்குதுண்ணா, கார்டு டூப்ளிகேட்டா?" என்றான் பையன். ஃபிளைட் சிமுலேட்டரில் பெரிய விமானம் ஒன்றைச் சென்னை விமான நிலையத்தில் நிறுத்தினேன். ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை இயக்கி, டீபக் மெனுவில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) காட்டச் சொன்னேன். மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் சிவப்பில் ஒரு வரி: லிமிடெட் பை மெயின் த்ரெட். பையனின் கேள்விக்கு சிமுலேட்டரே பதில் சொல்லிவிட்டது.

நம்பாதவர்களுக்காக இன்னொன்றும் செய்தேன். ரெண்டர் ஸ்கேலிங்கை 100லிருந்து 50க்கு இறக்கினேன். கார்டின் சுமை சரிந்தது, படம் மங்கியது, எஃப்பிஎஸ் மட்டும் அசையவில்லை. ஸ்கேலிங்கைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, டெரைன் லெவல் ஆஃப் டீடெயிலை 200லிருந்து 100க்குக் குறைத்து, ஏஐ விமானங்களை நிறுத்தினேன். ஜெர்க் அடங்கியது. செலவு ஒரு பைசா இல்லை. இந்தச் சோதனைக்கு என்ஜினீயரிங் பட்டம் தேவையா? பத்து நிமிஷம் போதும். ஆனால் பத்து நிமிஷம் உட்கார மாட்டேன், பல்லாயிரம் ரூபாய் மட்டும் எடுத்து நீட்டுவேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்?

மெயின் த்ரெட்தான் முட்டுக்கட்டை என்று தெரிந்தால் பிராசசரைப் பாருங்கள். அங்கேயும் ஏமாறாதீர்கள். கோர் எத்தனை என்று எண்ணாதீர்கள். ஒற்றைக் கோரின் வேகமும் கேஷ் நினைவகமும்தான் இங்கே பேசும். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் 96 எம்பி. அதன் அண்ணன் 5800எக்ஸில் 32 எம்பி. இரண்டுக்கும் எட்டுக் கோர்தான், ஏன், 3டியின் கிளாக் வேகம் சற்றுக் குறைவுகூட. ஆனால் சிமுலேட்டரில் தம்பிதான் முந்துகிறான். உங்களிடம் பி450 போர்டு இருந்தால், பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் இந்த வகைப் பிராசசரைப் போடலாம். புதுக் கம்ப்யூட்டரே தேவைப்படாது.

"விஆர்ல பார்த்தா கார்டுதானே முக்கியம்?" என்று உடனே கேட்பார்கள். பாதி சரி. குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டு கண்ணும் சேர்த்தால் ஏறத்தாழ 91 லட்சம். சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டரில் 21 லட்சம்கூட இல்லை. ஆகவே விஆரில் கார்டுக்கு வேலை பலமடங்கு. ஆனால் பிராசசருக்கு விடுப்பு கிடைப்பதில்லை. 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டுக்கு ஒரு படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிசெகண்ட். அதற்குள் பிராசசரும் முடிக்க வேண்டும், கார்டும் முடிக்க வேண்டும். மானிட்டரில் ஜெர்க் அடித்தால் முகம் சுளிப்போம். ஹெட்செட்டில் அடித்தால் குமட்டும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024க்கு அந்த நிறுவனமே வெளியிட்ட கம்ப்யூட்டர் தேவைப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் கார்டு மட்டும் மாறவில்லை; பிராசசரும் கூடவே ஏறுகிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு வீணாக்க மாட்டேன்.

நம்பிக்கை 2: "ராம் 64 ஜிபி போட்டா வேகம் ஏறும்."

உண்மை: 32 ஜிபி பெரும்பாலோருக்குப் போதும், மேற்சொன்ன பட்டியலிலும் பரிந்துரைக்கும் அளவு அதுதான். ஒரே குச்சியாக வாங்காமல் 16 ஜிபி இரண்டாக வாங்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ராம் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்க அசெம்பிள் செய்தவருக்கு நேரமில்லை.

நம்பிக்கை 3: "புது மாடல்னா பழசைவிட எல்லாத்திலயும் மேல்."

உண்மை: 2021இன் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி நினைவகம். 2023இன் ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிபிதான். பின்னது வேகமானது, கரண்டும் குறைவாகவே இழுக்கும். ஆனால் விஆரில் கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் அந்த வேகம் உதவாது.

நம்பிக்கை 4: "செகண்ட் ஹேண்டில் ரெவெர்ப் ஜி2 மலிவாக் கிடைக்குது, அள்ளிடலாம்."

உண்மை: கண்ணுக்கு 2160×2160 பிக்சல், நல்ல ஹெட்செட்தான். ஆனால் அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை, விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. பிறகு வெளியார் எழுதிய டிரைவரால் ஓட்டலாம் என்றாலும், நாளைக்கு மக்கர் பண்ணினால் கேட்க ஆள் கிடையாது. மலிவாக விற்கிறவருக்கு இது தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை.

நம்பிக்கை 5: "மொபைலைச் செருகுற விஆர் பாக்ஸ் போதும்."

உண்மை: அதில் தலையைத் திருப்பலாம், அவ்வளவுதான். ஆல்டிமீட்டரைப் படிக்க முன்னால் குனிந்தால் அது கிட்டே வராது. தலை நகர்ந்தது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

நம்பிக்கை 6: "வயர் இல்லாம விஆர் ஆடணும்னா இன்டர்நெட் வேகம் கூட்டணும்."

உண்மை: படம் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் ஹெட்செட்டுக்கு வீட்டுக்குள்ளேயே போகிறது. கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள், ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள். இன்டர்நெட் வேகம் வேண்டியிருப்பது தரைக்காட்சியை இறக்க.

நம்பிக்கை 7: "வீட்ல ஓட்டுன மணிக்கணக்கு பைலட் லைசென்ஸுக்குச் சேரும்."

உண்மை: சேராது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சிமுலேட்டர் என்று ஏற்கப்படுவதும் டிஜிசிஏ அனுமதி பெற்ற கருவி மட்டுமே, அதுவும் ஓர் அளவுக்குத்தான். வீட்டில் ஓட்டினால் செக்லிஸ்டும் ரேடியோ பேச்சும் பழகும். அது சின்ன லாபம் இல்லை. ஆனால் இதைச் சொல்லி அப்பாவிடம் பணம் கறக்காதீர்கள்.

நம்பிக்கை 8: "எர்த் இல்லாமலே நல்லாத்தானே ஓடுது?"

உண்மை: இதற்காகவே நான் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. கேபினட்டின் திருகில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், எரியும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைத்த சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் பெட்டியில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ், 115 வோல்ட் அளவுக்கு, நிற்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் ஒருநாள் பழுதானால் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தான். அப்படிப்பட்ட பெட்டியில் ஜாய்ஸ்டிக்கையும் பெடலையும் ஹெட்செட்டையும் யூஎஸ்பியில் செருகிவிட்டு, "ஜாய்ஸ்டிக் தானா ஆடுது, கம்பெனி சரியில்லை" என்று புலம்புகிறீர்கள்.

யூபிஎஸ் கதையும் இதேதான். கடையில் விற்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றே 450 வாட் இழுக்கும். கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தால் யூபிஎஸ்ஸைத் திட்டுவானேன்? வாங்குவதற்கு முன் வாட்டைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கார்டு விலையில் சின்னப் பங்கு இருந்தால் எர்த் குழி ஒன்று ஒழுங்காகப் போடலாம். கரியும் உப்பும் போட்ட பழைய குழி இருந்தால், சித்திரை வெயிலில் மண் காய்ந்து அது செத்துப்போகாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஆகவே முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கார்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.