பெட்டிக்குள் கூடு கட்டியது எந்தக் குருவி?



கொரோனா ஊரடங்குக் காலத்துப் பறவைகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்ததும் எழுதுகிறேன். நடை, தகவல் சேகரிப்பு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. உறுத்துவது ஒரே ஒரு வரி: “மனிதன் ஒதுங்கினான், பறவைகள் பிழைத்தன.”

யார் ஒதுங்கியது? உங்கள் கட்டுரையின் நடுவிலேயே பொத்தகுடி வருகிறதே! 2020-ல் சிவகங்கை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், தெருவிளக்குகளுக்கெல்லாம் பொதுவான சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஊராட்சித் தலைவர் வரை பேச்சு போனது. கடைசியில் ஊர் சம்மதித்தது. ஒரு மாதத்துக்கும் மேல் விளக்கு எரியவில்லை, குஞ்சுகள் பறந்து போயின. இந்தக் கதையில் ஒதுங்கியவர் ஒருவருமில்லை. பார்த்தார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள், விட்டுக்கொடுத்தார்கள்.

இதற்கு நீங்கள் தந்த இடம் நான்கு வரி. நவி மும்பைப் பூநாரைகளுக்கோ ஒன்றரைப் பக்கம். நவி மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்துக்குப் பூநாரைகள் 1990-களிலிருந்தே கூட்டமாக வருகின்றன. 2020 மார்ச் 25-ல் நாடு கதவடைத்தபோது அவை ஏற்கெனவே அங்கே சேற்றைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. வெறிச்சோடிய நகரத்தைப் பார்த்து இறங்கி வந்தவை போல அவற்றைக் காட்டியது தப்பு.

ஆள் இல்லாததால் பறவை கெட்ட இடமும் உண்டு. பால்டிக் கடலில் சுவீடனைச் சேர்ந்த ஸ்டோரா கார்ல்சோ தீவில், பாறை விளிம்புகளில் கில்லமாட் என்ற கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. 2020-ல் சுற்றுலாப் பயணிகள் மிகக் குறைவாகவே வந்தனர். மனித நடமாட்டத்துக்கு அஞ்சி எட்ட நின்ற வெண்வால் கடற்கழுகுகள் குவிந்தன. கழுகைக் கண்டு தாய்ப் பறவைகள் எழுந்து பறந்தன, முட்டைகள் உருண்டு விழுந்தன, மீந்ததைக் கடற்காகங்களும் காக்கைகளும் கொத்தின. இனப்பெருக்கம் 26 சதவீதம் சரிந்தது. தென் அட்லாண்டிக்கின் காஃப் தீவில், கடற்பறவைக் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்னும் சுண்டெலிகளை ஒழிக்கும் பணி 2020-ல் தொடங்க வேண்டியது, பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனது. நம் நாட்டிலோ, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் அறிக்கை சொன்னது வேறு: ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் 35-ஆக இருந்த வேட்டைச் செய்திகள், ஊரடங்கின் ஆறு வாரங்களில் 88 ஆயின. இவையெல்லாம் உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அந்த ஒரு வரி அழகாக அமைந்துவிட்டதால் வழிவிட்டு நின்றிருக்கின்றன.

அடுத்தது, பொத்தகுடிப் பறவையின் பெயர். “ஒரு சின்னஞ்சிறு பறவை” என்று எழுதித் தாண்டிவிட்டீர்கள். நாளிதழ்கள் ஆளுக்கொரு பெயர் போட்டன என்பது உண்மைதான். அதனாலேயே நீங்கள் விசாரித்திருக்க வேண்டும். அவற்றில் கொண்டைக்குருவி செடி கொடிகளில் திறந்த கிண்ணம்போல் கூடு கட்டும். குண்டுகரிச்சானும் கருஞ்சிட்டும் பொந்து தேடும். மரப் பொந்து இல்லையென்றால் சுவர் ஓட்டை, குழாய், பெட்டி எதுவானாலும் சரி. பெயர் தெரிந்தால் அது ஏன் பெட்டிக்குள் வந்தது என்பதும், ஊரைச் சுற்றி எத்தனை பழைய மரம் விழுந்திருக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் தமிழில் எழுதியபோது பெயரில்லாத பறவை அவர் பக்கத்தில் உட்கார முடியாது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-ல் மறையும் வரை எழுதிய பத்தியிலும் அதே கறார்தான்.

வேடந்தாங்கலைப் பற்றியும் அவர் நிறைய எழுதினார். அங்கே ஏரிக்கரையில் ஒரு முதியவர் எனக்கு மடைத்தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டியது நினைவிருக்கிறது. பறவை எச்சம் கரைந்து பச்சைப் பசேலென்று இருந்தது. “இந்தத் தண்ணி பாயுற வயலுக்கு யூரியா எதுக்குங்க?” என்றார். சுட வந்த சிப்பாய்களைத் தடுக்கச் சொல்லி 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. உங்கள் சிவகங்கையிலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. நாரைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர். பொத்தகுடி திடீரென முளைத்த அதிசயம் இல்லை, தம்பி.

சான்பிரான்சிஸ்கோ சிட்டுகளைப் பற்றிய பத்தி மட்டும் அபாரம்! வண்டிச் சத்தம் அடங்கியதும் அவை தணிந்த குரலில் பாடியும் இரட்டிப்புத் தொலைவு கேட்டது என்பதை, வாசிப்பவன் காதைத் தீட்டிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறீர்கள். தமிழில் இப்படி அறிவியல் எழுத இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அந்தக் கையால் விட்டுப்போனதை எழுதுங்கள். வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் என 1998-ல் அறிவிக்கப்பட்டது. அதை மூன்றாகச் சுருக்கும் யோசனை 2020-ல், ஊர் முடங்கிக் கிடந்த அதே மாதங்களில்தான், கோப்புகளில் நகர்ந்தது. அந்தக் கோப்புகளைப் பாருங்கள். பொத்தகுடிக்கும் போங்கள். இருட்டில் பெண்கள் எப்படித் தெருவில் நடந்தார்கள், முணுமுணுத்தவர்களைச் சம்மதிக்க வைத்தது யார் என்று கேளுங்கள். அந்தப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.