உத்தியோகப் படிகளும் இருதய நோயும்



மாரடைப்பு என்பது பெரும் பொறுப்பைச் சுமப்பவர்களுக்கு வரும் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். ஆயிரம் கவலையுடைய அதிகாரிக்கு நெஞ்சு வலிக்கும். ஏவிய வேலையைச் செய்துவிட்டு வீடு திரும்பும் கடைநிலை ஊழியனுக்கு என்ன கவலை என்று கேட்பாரும் உண்டு. இவ்வெண்ணம் பிழையென்று லண்டன் மாநகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. அதனை விளங்கிக்கொள்ள, முதலில் நம் சரீரத்தின் அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும், தொப்பி கவிழ்த்தாற்போல் ஒரு சிறு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அட்ரினல் சுரப்பி என்பது அதன் பெயர். அதன் உட்பகுதி அட்ரினலின் என்னும் சுரப்பு நீரையும், வெளிப்பகுதி கார்ட்டிசால் என்னும் சுரப்பு நீரையும் இரத்தத்தில் கலக்கின்றன. அச்சமோ சினமோ தோன்றிய கணத்திலேயே அட்ரினலின் பாய்கிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை வெளியிடுகிறது. காயம் பட்டால் விரைவில் உறையும்படி இரத்தம் ஆயத்தமாகிறது. அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய மாறுதல்களை ஆராய்ந்தார். எதிர்த்துப் போராடுவதற்கோ, தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே இது என்பது அவர் கண்ட உண்மை.

பாம்பைக் கண்டு துள்ளி விலகுபவனுக்கு இது உயிர் காக்கும் துணை. ஆபத்து நீங்கினால் உடலும் தணிந்துவிடும். ஆனால் அச்சம் தருவது பாம்பாக இல்லாமல், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மேலதிகாரியாக இருந்தால் என் செய்வது? அவரோடு போராடவும் இயலாது. அவரை விட்டு ஓடவும் இயலாது. நாளையும் அவர் முன் நிற்க வேண்டும். தணிய வேண்டிய வேளையில் தணியாமல் கார்ட்டிசால் ஆண்டுக்கணக்கில் மிகுந்து நின்றால், இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது. இவற்றால் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவர் பழுதுபட்டு, கொழுப்புப் படிந்து, வழி குறுகுகிறது. அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டால் மாரடைப்பு நேர்கிறது.

இனி லண்டன் ஆராய்ச்சிக்கு வருவோம். 1967-இல் தொடங்கி, பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிந்த 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து, அவர்களை மேலும் பல்லாண்டுகள் கவனித்து வந்தனர். அலுவலகங்கள் நிறைந்த வீதியின் பெயரால் இதனை வைட்ஹால் ஆராய்ச்சி என்பர். மைக்கேல் மார்மட் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1978-இல் முடிவை வெளியிட்டனர். உயர் நிர்வாகிகளைக் காட்டிலும் கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் மாண்ட விகிதம் 3 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இடைப்பட்டவர்களிடத்தும், உத்தியோகப் படி இறங்க இறங்க மரணம் ஏறிற்று.

இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நிலையான சம்பளம் பெற்றவர்கள். 1948 முதல் அந்நாட்டில் அரசு நடத்திவரும் வைத்திய வசதியும் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. கீழ்ப்படிகளில் புகைபிடிப்போர் அதிகம் என்பது மெய்யே. ஆயினும் புகை, இரத்த அழுத்தம் முதலிய காரணங்கள் யாவும் சேர்ந்தும் இவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின.

மிச்சத்துக்குக் காரணம் யாது? 1985-இல் ஆண், பெண் இருபாலாரும் அடங்கிய 10,308 ஊழியர்களைக் கொண்டு இரண்டாம் ஆராய்ச்சி தொடங்கிற்று. தம் வேலையைத் தாமே திட்டமிடும் உரிமை குறைந்தவர்களிடம் இருதய நோய் மிகுதியாகத் தோன்றியதை 1997-இல் கண்டனர். பணியிடத்து மன நெருக்கடி நீடித்தவர்களுக்குக் காலையில் எழுந்தவுடன் கார்ட்டிசால் மற்றவர்களைவிட அதிகமாக உயர்வதை 2008-இல் எடுத்துக் காட்டினர்.

ஆலைத் தொழிலாளிக்கு இது விளங்காத செய்தி அன்று. நூற்பு யந்திரத்தின் முன் நின்றவன் என்ற முறையில் கூறுகிறேன். யந்திரத்தின் வேகத்தைக் குறிப்பவர் ஒருவர். அறுந்த இழைகளை ஓடி ஓடி இணைப்பவன் வேறொருவன். தண்ணீர் குடிக்கச் செல்லவும் அவன் மேஸ்திரியின் முகம் பார்க்க வேண்டும். கை உழைத்த களைப்பு உறக்கத்தில் தீரும். முகம் பார்த்து நின்ற களைப்பு அவ்வாறு தீர்வதில்லை.

"கவலைப்படாதே, மனத்தை அடக்கு" என்று அவனுக்கு உபதேசிப்பது மேடையேறுவோர்க்கு எளிது. மன அமைதி நன்மையே. ஆனால் சுமப்பவனுக்கு மட்டும் அறிவுரை கூறி, சுமத்துபவரை விட்டுவிடுதல் நீதியாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை யாவை? இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காலந்தோறும் பரிசோதித்தல் வேண்டும். பீடியையும் புகையிலையையும் விட்டொழித்தல் வேண்டும். வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. நெஞ்சில் இறுக்கமோ, இடக்கைக்குப் பரவும் வலியோ தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இவை ஒவ்வொருவரும் தமக்குச் செய்துகொள்பவை.

பிறர்க்குச் செய்யவேண்டியதும் உண்டு. நம் கீழ் ஒருவரேனும் வேலை செய்தால், அவ்வேலையை எப்படிச் செய்வது என்று அவரையும் கலந்துகொள்வோம். பலர் முன் இழித்துப் பேசாதிருப்போம். ஆலையில் மேஸ்திரியின் முகம் பார்த்து நின்றவன் வீடு திரும்பியதும், அங்கே தன் முகம் பார்த்து நடுங்குவார் எவரேனும் உண்டோ என்று எண்ணிப் பார்ப்பானாக. மனைவியாயினும் மருமகளாயினும் அவருக்கும் இருதயம் ஒன்றே.